வேதமணி சொன்ன நாலு வார்த்தை

பூனாவில் கட்கி பஜாரில் வேதமணி பையோடு இறங்கினால் காய்க்காரர்கள் முதலில் செய்வது விலையைக் கூட்டுவது. எப்படியும் பாதிக்கு இறக்கிவிடுவாள், அதனால் இறங்குவதற்கு இடம் வைத்துக்கொள்வார்கள். அது வேதமணிக்கும் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். இரண்டு பக்கமும் எல்லாம் தெரிந்த பிறகும் அரைக் கிலோ கத்தரிக்காய்க்காகக் கால்கடுக்க நின்று பேசுவதற்குப் பெயர்தான் வியாபாரம். மற்றதெல்லாம் பில் போடுவது.

அவளுடைய அப்பா அதே பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். நாசரேத்திலிருந்து ரயிலேறி வந்து, வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் குக்கரும் இட்லித்தட்டும் விற்றவர். பள்ளிக்கூடம் விட்டால் வேதமணி நேரே கடைக்குத்தான் வருவாள். வாங்க வந்தவர் எந்தப் பாத்திரத்தை மட்டம் தட்டுகிறாரோ அதைத்தான் வாங்கப்போகிறார், எதைப் புகழ்கிறாரோ அதைத் தொடமாட்டார் என்பதெல்லாம் வாய்ப்பாட்டுக்கு முன்பே அவளுக்கு மனப்பாடம்.

அப்படிப்பட்டவளுக்குக் கல்யாணம் ஆனது ஆர்தரோடு. கோர்படி ரயில்வே காலனிப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார். தங்கமான மனிதர் என்று சர்ச்சில் எல்லாரும் சொல்வார்கள். பஜாரில் எல்லாரும் அதைவிட அதிகமாகச் சொல்வார்கள். கடைக்காரர் நூறு ரூபாய் என்றால் "நூறா?" என்று கேட்பார். "ஆமாம்" என்றால் கொடுத்துவிடுவார். சில சமயம், பாவம் வெயிலில் உட்கார்ந்திருக்கிறாரே என்று மீதிச் சில்லறையையும் வேண்டாம் என்பார்.

"காலிஃப்ளவர் என்ன விலைக்கு வாங்கிட்டு வந்திய?" என்று வேதமணி கேட்கும்போது, ஆர்தர் முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும். அந்த விலைக்குக் காலிஃப்ளவரோடு கூடையையும் சேர்த்து வாங்கியிருக்கலாம்.

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். "கடைக்காரன் முன்னால நின்னு எனக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல வைங்க. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், போனைப் புடிச்சுக்கிட்டு நின்னாப் போதும்."

மைக் ஸ்டாண்டு வேலை ஆர்தருக்கு அருமையாக வந்தது. அவர் போனை நீட்டிக்கொண்டு நிற்பார். போனுக்குள்ளிருந்து வேதமணி மராத்தியில் கேட்பாள்: "கிதி?" எவ்வளவு என்று அர்த்தம். விலை சொன்னதும் மூச்சை உள்ளே இழுத்து, யாரோ காலை மிதித்துவிட்ட மாதிரி, "யேவ்டே?" என்பாள். இவ்வளவா? பிறகு, "எதிர்க்கடையில் இதைவிட மலிவு." கடைசியாக, "நக்கோ. கரீ யா." வேண்டாம், வீட்டுக்கு வாருங்கள். அந்தக் கடைசி வாக்கியம் முடிவதற்குள் கடைக்காரர் பொட்டலம் கட்டியிருப்பார்.

இடைஞ்சல் சர்ச்சிலிருந்து வந்தது. வேதமணி பாடும் பாடகர் குழுவின் ஒத்திகை மாலையில் நடக்கும், ஆர்தர் காய் வாங்குவதும் மாலையில். பாட்டு உருக்கமாக ஏறிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது வரிசையிலிருந்து "யேவ்டே?" என்று சத்தம் வரும். குழுத் தலைவர் பொறுத்துப் பார்த்தார். பிறகு பாட்டா பட்டாணியா, எதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

வேதமணி வீட்டுக்கு வந்து சத்தம் போட்டாள். "நான் என்ன தினம் புதுசாவா சொல்லுதேன்? அதே நாலு வார்த்தைதான. அதைப் புடிச்சு வச்சுக்கிட்டு நீங்களே நடத்தப்பிடாதா?"

கம்ப்யூட்டர் வாத்தியாரிடம் இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் அதை ஏச்சாக எடுத்துக்கொள்ளவில்லை, வேலையாக எடுத்துக்கொண்டார். நாலு வார்த்தையையும் அவளிடமே சொல்லச் சொல்லிப் பதிவு செய்தார். போன் திரையில் நாலு பொத்தான் வைத்தார். முதலில் மணி அடிக்கும், மனைவி கூப்பிடுவது போல. அப்புறம் பொத்தானை வரிசையாக அமுக்க வேண்டியதுதான். மராத்தியில் மனைவிக்குப் பெயர் பாய்கோ. ஆப்புக்கும் அதே பெயரை வைத்தார்.

மகள் ஃபேபியோலா ஹிஞ்சவாடியில் ஒரு பெரிய மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். தமிழைத் தயங்கித் தயங்கித்தான் பேசுவாள், சொல்ல வேண்டியதைச் சொல்ல மட்டும் தயங்கமாட்டாள். "டாடி, இது ஆப் இல்ல. இது டேப் ரெக்கார்டர்."

ஆர்தர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பஜாருக்குப் போனார். முதல் மூன்று பொத்தானும் ஒழுங்காக வேலை செய்தன. நாலாவதை அமுக்கியதும் போன் "நக்கோ, கரீ யா" என்றது. ஆர்தர் நின்றுகொண்டே இருந்தார். கடைக்காரர் சற்று நேரம் காத்திருந்து, "சார், இப்போ நீங்க நடக்கணும், அப்பதான் நான் கூப்பிட முடியும்" என்று நினைவுபடுத்தினார். வீட்டுக்கு வந்து ஆர்தர் ஒரு திருத்தம் செய்தார்: நாலாவது பொத்தானுக்குப் பிறகு ஆள் நடக்கும் வரைக்கும் போன் கையில் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த ஆப்பில் தொழில்நுட்பம் என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

பள்ளிக்கூடத்தில் சக வாத்தியார்கள் கேட்டார்கள் என்று இலவசமாகப் போட்டுவைத்தார். அவர்களுடைய மச்சான்கள் இறக்கிக்கொண்டார்கள். மச்சான்களின் அலுவலகங்கள் இறக்கிக்கொண்டன. அதிகம் இறக்கியவர்கள் யார் என்று பார்த்தால் கல்யாணமே ஆகாத ஐடி பையன்கள். இல்லாத பெண்டாட்டிக்குப் பயந்தவன் போல நடித்துக்கொண்டு, துளசிபாக் சந்தையில் தலையணை உறை வாங்கினார்கள். ஒருவன் வாடகை வீட்டுத் தரகர் முன்னால் பாய்கோவைப் பேசவிட்டு முன்பணத்தைக் குறைத்தான். இன்னொருவன் சம்பள உயர்வைச் சொன்ன மேலதிகாரிக்கு முன்னால் இரண்டாவது பொத்தானை அமுக்கினான். அங்கே அதற்கு இவ்வளவுதானா என்று அர்த்தம் வந்தது. அந்த மேலதிகாரிக்கும் வீட்டில் மனைவி உண்டு, உடனே கூட்டிக் கொடுத்தார்.

ஆப் கடையில் விமர்சனங்கள் குவிந்தன. "ஒன்றுக்கும் உதவாத ஆப். ஐந்து நட்சத்திரம்." "மூன்று மாதமாக வைத்திருக்கிறேன், விவாகரத்து எப்படிச் செய்வது?" ஒற்றை நட்சத்திரம் போட்ட ஒருவர் மட்டும் எழுதியிருந்தார்: "அமுக்கும்போது உண்மையான மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எச்சரிக்கை வாசகம் இல்லை."

விளம்பரம் வந்தது. காசு வந்தது. ஆர்தர் பயந்துபோய், சும்மா வாங்கக் கூடாதே என்று காசு கொடுப்பவர்களுக்குத் தனியாகச் சில சத்தங்களைச் சேர்த்தார்: பின்னணியில் குக்கர் விசில், ஒரு நீண்ட பெருமூச்சு, கதவை அறைந்து சாத்தும் சத்தம். பெருமூச்சுதான் அதிகம் விற்றது.

முதலில் வேதமணிக்குப் பெருமை தாங்கவில்லை. சிவாஜிநகர் பஸ்ஸில் முன்சீட்டிலிருந்து அவளுடைய குரல் அவளுக்கே கேட்கும். சர்ச்சில் போதகர் ஆராதனை முடிந்து கைகுலுக்கும்போது, மண்டபத்துக்குப் பெயின்ட் அடிக்கும் காண்டிராக்டரிடம் அவள் குரலைப் பயன்படுத்தியதாகக் காதோடு சொன்னார்.

இந்த நேரத்தில்தான் ஃபேபியோலாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை லிபின், கோந்த்வாக்காரன். அவனுடைய அம்மா ரீனா ஒரு பெரிய ஸ்கூலின் அலுவலகத்தில் இருப்பவள். இஸ்திரி போட்ட காட்டன் புடவை, அதைவிட மடிப்புக் கலையாத பேச்சு. விலைச்சீட்டு ஒட்டாத சாமானைக் கையால் தொட்டதில்லை.

"பேரம் பேசுறது எனக்கு என்னமோ கூச்சமா இருக்கும் சம்பந்தி," என்று ரீனா சொன்னாள். "போட்டிருக்கிற விலையைக் கொடுத்துட்டு வந்துடுவேன். நிம்மதி."

வேதமணியால் இதைக் கேட்டுக்கொண்டு எப்படிச் சும்மா இருக்க முடியும்? "சீட்டு ஒட்டின கடையில புடவை எடுக்கறதும் ஆஸ்பத்திரியில ஊசி போட்டுக்கறதும் ஒண்ணுதான். குத்துவான், குடுத்துட்டு வரணும். நீங்க என்கூட லக்ஷ்மி ரோட்டுக்கு வாங்க. கல்யாணத்துக்கு ரெண்டு வீட்டுப் புடவையும் பன்சிலால் சேட் கடையில எடுக்கோம். நான் முடிக்கற விலையைக் கோந்த்வா பூரா சொல்லுவிய."

ரீனா சம்மதித்தாள். வாக்குக் கொடுத்தாயிற்று. மகள் போகிற வீட்டில் தன் கை எவ்வளவு ஓங்கும் என்பது அந்தக் கடைப்படியில்தான் இருக்கிறது என்று வேதமணிக்குப் பட்டது.

பன்சிலால் சேட் இருபது வருஷமாக அவளுக்குப் புடவை விற்பவர். தரையில் வெள்ளை மெத்தை, அதன்மேல் அவர், அவருக்குப் பின்னால் சுவரெல்லாம் பட்டு. அன்றைக்குச் சுவரில் புதிதாக ஒரு பலகையும் தொங்கியது. பூனா கடைகளில் இந்த மாதிரிப் பலகைகளுக்குப் பஞ்சமே கிடையாது, அதனால் வேதமணி படிக்கவில்லை.

புடவைகள் விரிந்தன. மாம்பழ நிறத்தில் ஒன்று அவள் மனதைப் பிடித்து இழுத்தது. உடனே முகத்தைச் சுளித்தாள். ஓரத்தை இரண்டு விரலால், செத்த பல்லியைத் தூக்குவது போலத் தூக்கி, "கிதி?" என்றாள்.

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. விற்பனையாளர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, தன் கைப்பையைத் திறந்து தன் போன்தான் பேசுகிறதோ என்று பார்த்தாள்.

"பாயி, போனை உள்ளே வையுங்கள்," என்றார் பன்சிலால். பாயி என்றால் மராத்தியில் அம்மா.

"போன் இல்ல சேட். நான்தான்."

"எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்."

இரண்டு கையையும் விரித்துக் காட்டி, வாயைத் திறந்து, அவள் இன்னொரு தடவை "கிதி?" சொல்ல வேண்டியிருந்தது. பன்சிலால் கண் விரிந்தது. அசல் பாய்கோ தன் கடைக்கே வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் மனிதர் சந்தோஷத்தில் மெத்தையைவிட்டு எழுந்தேவிட்டார். மாடியிலிருந்த ஆட்களையெல்லாம் கூப்பிட்டார். ஏலக்காய் டீ வந்தது. அவளை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு விலை சொன்னார்.

"யேவ்டே?" என்றாள் வேதமணி.

அந்த மூச்சை இழுக்கிற இடத்திலேயே விற்பனையாளர்கள் எல்லாரும் கூடவே மூச்சை இழுத்து, கோரஸாக "யேவ்டே" சொன்னார்கள். பாடகர் குழுவில்கூட அவ்வளவு ஒற்றுமையை அவள் கேட்டதில்லை.

"தப்பா எடுத்துக்கொள்ளாதீர்கள் பாயி," என்றார் பன்சிலால். "காலையில் கடை திறந்ததிலிருந்து உங்கள் குரல் ஒவ்வொரு பையிலிருந்தும் என்னைத் திட்டுகிறது. ஒவ்வொரு திட்டுக்கும் இறக்கினால் நான் கட்கிக்கு வந்து உங்கள் வீட்டில்தான் சாப்பிட வேண்டும்." கையைத் தூக்கிச் சுவரைக் காட்டினார். இப்போது வேதமணி பலகையைப் படித்தாள். *இங்கே பாய்கோ செல்லாது. சொந்த பாய்கோவும்.*

மூன்றாவது வார்த்தையை அவள் சொல்லவே இல்லை. நேரே எழுந்தாள், செருப்பை மாட்டினாள், படியில் இறங்கினாள். இருபது வருஷத்தில் அந்தப் படியைத் தாண்ட அவளைப் பன்சிலால் விட்டதில்லை. அன்றைக்குத் தாண்டினாள். தெருவில் நின்றாள். கடைக்குள்ளிருந்து யாரோ அவளுடைய ராகத்திலேயே "கரீ யா" என்றது மட்டும்தான் கேட்டது.

ரீனா கொஞ்ச நேரம் கழித்து மாம்பழ நிறப் பையோடு வந்தாள். கேட்ட விலையைக் கொடுத்திருந்தாள். குத்திக்காட்டவும் இல்லை, அதுதான் குத்தியது. "விடுங்க சம்பந்தி. இந்த வயசுல நமக்கு எதுக்கு இந்தச் சத்தமெல்லாம்? மீதிப் புடவையை நானே மால்ல எடுத்துடுறேன். நீங்க அலைய வேண்டாம்."

"கொஞ்சம் பொறுங்க," என்றாள் வேதமணி. "இந்த மாசம் போகட்டும். அதுக்குள்ள நான் சொல்லலைன்னா மால்லயே எடுங்க."

வீட்டுக்கு வந்ததும் ஆர்தர் முன்னால் போனை வைத்தாள். "அழிங்க."

"மணி, கோவப்படாத. என்ன நடந்துச்சு?"

"என் தொண்டையை ஊரு பூரா வாடகைக்கு விட்டுட்டு என்ன நடந்துச்சுன்னா கேக்கிய? இனி நான் கடையில என்னத்தப் பேச? தக்காளிக்காரி சிரிக்கா. பன்சிலால் டீ குடுக்கான். டீ குடுத்தா என்ன அர்த்தம் தெரியுமா? மதிக்கலைன்னு அர்த்தம்."

ஆர்தர் தலையைச் சொறிந்தார். "அழிக்கலாம். ஆனா பானேர்ல ஒரு கம்பெனி அதை மொத்தமா வாங்கிக்கிறோம்னு கேக்கறாங்க. இன்னிக்குத்தான் போன் பண்ணாங்க."

வேதமணி உட்கார்ந்தாள். "என்ன விலை சொன்னாங்க?"

"நல்ல விலைதான். சரின்னு சொல்ல வாயெடுத்தேன்..."

"சொல்லிட்டியளா?"

"லைன் கட்டாயிடுச்சு."

"கர்த்தர் காத்தார்," என்றாள் வேதமணி. "அந்தக் கம்பெனிக்கு நானும் வாரேன்."

கம்பெனி பானேரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் ஏழாவது மாடியில் இருந்தது. கோகுல்நாத் என்ற கோயம்புத்தூர்ப் பையன்தான் முதலாளி. முதலாளி என்று சொன்னால் கூச்சப்படுகிற வகை. அரைக்கால் சட்டை, முழு மரியாதை.

"வாங்கம்மா, உக்காருங்க. நான் உங்க பெரிய ரசிகனுங்க. எங்க வீட்டுக்காரம்மாவுக்கு அப்புறம் நான் அதிகமாக் கேட்ட குரல் உங்களுதுதானுங்க."

பிஸ்கட் வந்தது. தமிழர்கள், மராத்திக்காரர்கள் என்று நாலைந்து பேர் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தார்கள். கோகுல்நாத் விலையைச் சொன்னான்.

வேதமணி மூச்சை உள்ளே இழுத்தாள். இழுத்த மூச்சு பாதியில் நின்றது. மேஜையைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் சிரிக்கத் தயாராக, உதட்டை லேசாகப் பிரித்துக்கொண்டு, அவளுடைய இரண்டாவது வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். ஒரு பெண் பதிவு செய்யப் போனைக்கூடத் தூக்கிவிட்டாள். சொன்னால் படம் எடுப்பார்கள், அடுத்து டீ வரும்.

இழுத்த மூச்சை மூக்கு வழியாக மெதுவாக விட்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஆர்தருக்கு இந்த மாதிரி மௌனம் ஆகாது. யாராவது வருத்தப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். "அது வந்து, எங்களுக்கு..." என்று ஆரம்பித்தார். வேதமணி ஒரு பிஸ்கட்டை எடுத்து அவர் வாயில் வைத்தாள். அன்பாக வைத்தது போலத்தான் தெரிந்தது.

"குறைச்சலா இருக்குதுன்னு நினைக்கறீங்களா?" என்றான் கோகுல்நாத். அவன் விலையைக் கூட்டினான்.

வேதமணி முந்தானையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் பார்த்தாள். அவன் இன்னும் கொஞ்சம் கூட்டினான். லேப்டாப்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பெருமூச்சுக்குத் தனியா ஒரு பங்கு குடுத்தரலாமுங்க," என்றான். அவள் ஜன்னல் வழியாக பாஷாண் குன்றைப் பார்த்தாள். அப்பா கடையில் நின்ற நாளிலிருந்து வாயைத் திறக்காமல் ஒரு வியாபாரமும் முடித்ததில்லை என்பது நினைவுக்கு வந்து, இத்தனை வருஷமும் எவ்வளவு கொட்டிவிட்டோம் என்று அவளுக்கே வயிற்றெரிச்சலாக இருந்தது.

ஆர்தர் நாலாவது பிஸ்கட்டில் இருந்தபோது வேதமணி வாயைத் திறந்தாள். மராத்தியில் இல்லை, தாழ்ந்த குரலில், தமிழில்.

"காசு போதும் தம்பி. பூனாவை விட்டுருங்க."

"புரியலீங்களே."

"பம்பாயில வச்சுக்கிடுங்க. நாக்பூர்ல, நாசிக்ல வச்சுக்கிடுங்க. பூனாக்குள்ள ஒரு போன்லயும் என் குரல் கேக்கப்பிடாது."

"அம்மா, ஆப்பு வச்சிருக்கறவங்கள்ல பாதிப்பேரு பூனாவுலதானுங்க இருக்காங்க. அது முடியாதுங்க."

வேதமணி எழுந்தாள். பையை எடுத்தாள். கண்ணாடிக் கதவு வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்து, கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். கதவு அசையவில்லை. அட்டையைக் காட்டினால்தான் திறக்கிற கதவு. அவளிடம் அட்டை இல்லை. திரும்பிப் போய் உட்கார்ந்தால் எல்லாம் போச்சு. அதனால் கைப்பிடியைப் பிடித்தபடி, இதோ வெளியே அடி வைக்கப்போகிறவள் போல நிமிர்ந்து நின்றாள். பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு அது ஒரு பெண் கடைசித் தடவையாக யோசித்துக்கொண்டு நிற்பது போலத்தான் இருந்திருக்கும்.

"இருங்கம்மா, இருங்க," என்று கோகுல்நாத் ஓடி வந்தான்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவன் கேட்டான்: "சரிங்க, பூனாவை விட்டர்றோம். ஆனா பூனா ஆப்புல வேற ஏதாச்சும் ஒரு குரல் வேணுங்களே. யாரைப் பேசச் சொல்றது?"

"இவிய குரலை எடுத்துக்கிடுங்க," என்றாள் வேதமணி.

ஆர்தர் பிஸ்கட்டை விழுங்கினார். "நானா? நான் என்ன பேச?"

"நீங்க கடையில எப்பவும் சொல்றதைச் சொல்லுங்க."

அவருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. முப்பது வருஷமாகச் சொன்னதை, அந்த இளகின குரலிலேயே சொன்னார்: "டீக் ஆஹே, தேஊன் டாக்." சரி போகட்டும், காசைக் கொடுத்துவிடு.

லேப்டாப்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோகுல்நாத் மட்டும் பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டு மோவாயைத் தடவினான். அவன் கண்ணில் ஏதோ பளிச்சிட்டதை வேதமணி கவனித்தாள். வீணாகக் கிடக்கும் சரக்குக்கு ஆள் கண்டுபிடித்த வியாபாரியின் கண். எந்த ஆள் என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. தன் வேலை முடிந்தது என்று ஆர்தரைக் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டு வந்தாள்.

இரண்டு மூன்று வாரத்தில் பஸ்ஸில் அவள் குரல் கேட்பது நின்றது. தக்காளிக்காரி பழையபடி விலையைக் கூட்டிச் சொல்ல ஆரம்பித்தாள். வேதமணிக்குக் கண் கலங்கிவிட்டது. மாசம் முடிவதற்குள் ரீனாவுக்குப் போன் போட்டாள்.

ரீனா மரியாதைக்காகத்தான் வந்தாள். லக்ஷ்மி ரோட்டில் இறங்கும்போதே, "நான் ஓரமா உக்காந்துக்கறேன்," என்றாள்.

பன்சிலால் கடையில் பலகையைக் காணோம். அது நல்ல சகுனம் என்று வேதமணி நினைத்தாள். புடவைகள் விரிந்தன. தாமரை இலைப் பச்சையில் ஒன்று அவளைப் பார்த்துக் கூப்பிட்டது. அதைத் தள்ளிவைத்துவிட்டு, போனால் போகிறது என்று மறுபடி இழுத்து, "கிதி?" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. பன்சிலால் விலை சொன்னார்.

"யேவ்டே?"

பன்சிலால் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கல்லாவுக்குக் கீழே கையைவிட்டுத் தன் போனை எடுத்து மெத்தைமேல் வைத்து, ஒரு பொத்தானை அமுக்கினார்.

"டீக் ஆஹே," என்றது ஆர்தரின் குரல். "தேஊன் டாக்."

வேதமணி தன்னை அறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தாள். எதிரில் இருந்த இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி வெட்கப்பட்டுக்கொண்டு பர்ஸைத் திறந்தேவிட்டாள். கோகுல்நாத் கண்ணில் பளிச்சிட்டது என்ன என்று இப்போதுதான் புரிந்தது. வாங்க வருகிறவர்களுக்குப் பெண்டாட்டியை விற்றவன், விற்கிறவர்களுக்குப் புருஷனை விற்றிருக்கிறான். ஆப்புக்கு நவ்ரா என்று பெயர். மராத்தியில் புருஷன். பூனாவில் கல்லா வைத்திருப்பவர்கள் எல்லாரும் மாசக் கட்டணம் கட்டி வாங்கியிருந்தார்கள்.

"உங்கள் வீட்டுக்காரரே சரி என்கிறார் பாயி," என்றார் பன்சிலால், பவ்யமாக.

அவர் அறியாத ஒரு சங்கதி இருந்தது. மற்றப் பெண்களுக்கு அது ஏதோ ஒரு புருஷனின் குரல். கூச்சப்படுவார்கள், கொடுத்துவிடுவார்கள். வேதமணிக்கு அது இவருடைய குரல். அதற்குப் பதில் சொல்லி அவளுக்கு முப்பது வருஷப் பழக்கம்.

"யாரைக் கேட்டுச் சரிங்கிய?" என்றாள் போனைப் பார்த்து, தமிழில். "உங்கள யாரு கூப்பிட்டா? அன்னிக்குக் குடை வாங்கப் போயி, கிழிஞ்ச குடைக்குப் புதுக்குடை விலை குடுத்துட்டு வந்தியளே, நான் ஒரு வார்த்தை கேட்டனா? கேட்டேன். ஆனா எவ்வளவு கேக்கணுமோ அவ்வளவு கேக்கல."

பன்சிலால் அவசரமாகப் போனை அணைக்கப் பார்த்தார். விரல் பொத்தானில்தான் பட்டது. "டீக் ஆஹே," என்றார் ஆர்தர், அதே பொறுமையோடு. "தேஊன் டாக்."

"பாத்தியளா, பாத்தியளா, சொல்லச் சொல்ல அதையேதான் சொல்லுதாரு. மெத்தை வாங்கப் போனப்பவும் இதேதான். பஞ்சு மெத்தைன்னு தேங்கா நாரை வாங்கிட்டு வந்து, முதுகுக்கு நல்லதாம்."

தமிழ் புரியாவிட்டாலும் கடையிலிருந்த பெண்களுக்கு ராகம் புரிந்தது. பர்ஸைத் திறந்தவள் அதை மூடினாள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ரீனா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பிறகு எழுந்து வந்து வேதமணிக்குப் பக்கத்தில், மெத்தைமேலேயே உட்கார்ந்தாள்.

"எங்க வீட்லயும் இவர்தான் சம்பந்தி," என்றாள், போனைக் காட்டி. "கார் வாங்கப் போனோம். அவன் தள்ளுபடி தரேன்னு அவனாச் சொல்றான். இவர் பரவாயில்லன்னுட்டார்." அது எத்தனை வருஷமாக உள்ளே கிடந்ததோ, மடிப்பெல்லாம் கலைந்து வந்தது. "பரவாயில்லையாம். இவங்க அப்பன் வீட்டுப் பணமா?"

எதிர்ப்பக்கத்துப் பெண்ணும் மராத்தியில் தன் பங்குக்கு ஏதோ ஆரம்பித்தாள். வாசல் வரை வந்த ஒரு கணவன், உள்ளே பார்த்துவிட்டு மனைவியை மட்டும் அனுப்பினான். பன்சிலால் போனை முந்திரிப்பருப்பு டப்பாவுக்கு அடியில் தள்ளினார்.

"பாயி," என்றார் கும்பிட்டு. "விலையை நீங்களே சொல்லுங்கள். ஆனால் மெதுவாகச் சொல்லுங்கள்."

இருபது வருஷத்தில் அவர் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. வேதமணி பச்சைப் புடவையைப் பார்த்தாள், பன்சிலாலைப் பார்த்தாள். பிறகு புடவையை ரீனா மடிக்கு நகர்த்தினாள். "நீங்க சொல்லுங்க சம்பந்தி."

"ஐயோ, நானா? எனக்கு இதெல்லாம் வராது."

"வாயில வந்ததைச் சொல்லுங்க."

ரீனா புடவையைத் தடவினாள். இப்படியும் அப்படியும் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தொகை சொன்னாள்.

வேதமணிக்கே மூச்சு நின்றுவிட்டது. அந்த விலைக்கு அந்தப் புடவையின் பெட்டியைக்கூடக் கேட்க அவளுக்குத் துணிச்சல் வந்திருக்காது. பன்சிலால் பின்னால் சாய்ந்து, சுவரிலிருந்த பட்டுகளையெல்லாம் கடைசித் தடவையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

ரீனா பயந்துபோய் வேதமணியின் காதருகில் குனிந்தாள். "அதிகமாச் சொல்லிட்டேனோ?"

வேதமணி அவள் கையைப் பிடித்து மெத்தையோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"இல்ல. நீங்க சும்மா இருங்க. இனி அவன் பேசட்டும்."